அதிகாரி முன்னால் கை தூக்குவது

இன்று மாலை கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் இருவர். மஞ்சக்குப்பத்தில் யாரோ நடத்திய மனநல வகுப்புக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள்.

வகுப்பு முடிவில், "தூக்கம் வராம மனசு கஷ்டமா இருக்கறவங்க கை தூக்குங்க" என்றார்களாம். முதல் வரிசையில் அதிகாரிகள். ஒரு கைகூட எழவில்லை. "எல்லாரும் நல்லா இருக்கீங்க, சந்தோஷம்" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஜன்னலோரம் இருந்தவர் ஆலப்பாக்கம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"குமராட்சி வெள்ளத்துல அந்தப் புள்ளைய தூக்குனதுலேர்ந்து தூக்கமே இல்ல மச்சான். கண்ண மூடுனா அதோட கொலுசுதான் தெரியுது."

"அப்ப கை தூக்க வேண்டியதுதான?"

"தூக்குனா வண்டி ஓட்ட விடுவாங்களா? ஆபீஸ்ல ஒக்கார வச்சிருவாங்க. நீ ஏன் தூக்கல? உனக்கு மட்டும் தூக்கம் ஜாஸ்தியோ?"

மற்றவர் அவர் பக்கம் திரும்பினார்.

"நீ தூக்குனா நானும் தூக்கலாம்னு உன் கையத்தான் பாத்துகிட்டு இருந்தேன்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து சமையலை முடித்தும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அந்தக் கூடத்தில் இன்னும் எத்தனை பேர் பக்கத்து ஆளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ.

உங்கள் அலுவலகத்தில் மேலதிகாரி பார்க்கும்போது கை தூக்கியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மனக்கஷ்டத்துக்காக இல்லாவிட்டாலும், ஃபேன் ஓடவில்லை என்று சொல்வதற்காவது.