குடிக்கும் முன், குடித்த பின்

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் எனக்கில்லை, பதறாதீர்கள். என் நண்பன் கோபாலுக்கு.

எங்கள் பேட்டை பிரிக்பீல்ட்ஸில் கோபாலைத் தெரியாதவர் உண்டா? ரயிலில் டிக்கெட் பார்த்து, கொடியும் காட்டுகிறவன். யுத்தச் சண்டை வருவதற்கு முன்னால் அவன் கன்னம் இரண்டும் சுடச்சுட வந்த பன் மாதிரி இருக்கும். இப்போது மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. காற்று பலமாக அடித்தால், கையிலிருக்கும் பச்சைக் கொடியோடு சேர்ந்து பறந்துவிடுவான். மற்றபடி தங்கமான பையன். கள்ளுக்கடை இருக்கும் திசையிலிருந்து காற்று வந்தாலே தும்முகிற ரகம்.

கிள்ளான் ரயிலில் ஒரு பெண்ணிடம் டிக்கெட் கேட்டிருக்கிறான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். டிக்கெட்டில் போட வேண்டிய துளையைத் தன் கட்டைவிரலில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். பெயர் பாக்கியம், அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி — இதெல்லாம் விரல் ஆறுவதற்குள் விசாரித்தாயிற்று.

சரி, யார் போய்ப் பெண் கேட்பது? கோபாலின் அப்பா அம்மா கடல் தாண்டி ஊரில். கப்பலோ நின்றுபோய்விட்டது. இங்கே பெரிய மனுஷன் என்று அவனுக்கு இருப்பது ஒரே ஆள்... நம்ம ஒயின் கடை மாயாண்டி அண்ணன்.

ஐயோ, அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஒரு காலத்தில் கப்பலில் வந்த பாட்டில்களை விற்றவர். கப்பல் நின்றது. அண்ணன் நிற்கவில்லை! கடைக்குப் பின்னால் நாலு பீப்பாய் வைத்து அன்னாசிப் பழத்தை ஊறப்போட்டார். அதுதான் இன்றைக்கு நகரமெங்கும் மணக்கும் 'மாயாண்டி டானிக் ஒயின்'.

முதலில் போர்டில் எழுதினார்: 'குடித்தால் நன்றாகப் பசி எடுக்கும்.' சொல்லுங்கள், இந்தக் காலத்தில் பசி எடுக்க மருந்தா? ஜனங்கள் அடிக்க வந்துவிட்டார்கள். உடனே அழித்துவிட்டு எழுதினார்: 'குடித்தால் பசி அடங்கும்.' அதே பீப்பாய், அதே ஒயின்!

பிறகு ரத்தம் ஊறியது. மூட்டுவலி பறந்தது. கடைசியாக வழுக்கைத் தலையில் முடி முளைத்தது — போர்டில்தான்.

"அண்ணே, உங்க தலையில ஏன் முளைக்கல?" என்று கேட்டேன்.

"நான் விக்கிறவன்டா. குடிக்கிறவனா?"

இப்படிப்பட்டவர்தான் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். பெண் வீட்டுக்குக் காட்ட வேண்டும் என்று கோபாலிடம் போட்டோ கேட்டார். சண்டைக்கு முன்னால் எடுத்த குண்டுப் படத்தைக் கொடுத்தான் கோபால். பிறகு மனசு கேட்கவில்லை. இன்றைய கோலத்திலும் ஒன்று எடுத்துக் கொடுத்தான். ஏமாற்றக் கூடாதாம். யோக்கியன்!

ஞாயிறு வந்தது. கிள்ளானில் கிராணியார் வீட்டில் பாயில் உட்கார்ந்தோம். சோளத்தை வறுத்துப் பொடித்த காப்பி. கேசரி மாதிரி ஒன்று — ரவைக்குப் பதில் மரவள்ளி மாவு. கோபால் கேசரியைப் பார்க்கவில்லை. கதவுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திரைக்குக் கீழே இரண்டு பாதம் தெரிந்தது.

கிராணியார் வந்தார். தாம்பூலத் தட்டு வரும் என்று பார்த்தால், கையில் ஓர் அட்டை. எங்கள் முன்னால் வைத்தார்.

அட்டையில் இரண்டு போட்டோ. இடது பக்கம் ஒல்லி கோபால் — கீழே 'குடிக்கும் முன்'. வலது பக்கம் குண்டு கோபால் — 'குடித்த பின்'. உச்சியில் கொட்டை எழுத்தில், 'மாயாண்டி டானிக் ஒயின்'.

போட்டோ கிள்ளானுக்கு வந்தது உண்மைதான். கிராணியார் வீட்டுக்கு வரவில்லை. ஸ்டேஷன் பக்கத்து மளிகைக் கடைக்கு வந்திருக்கிறது!

"தினமும் இதைப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன்" என்றார் கிராணியார். "மாப்பிள்ளை வாசல்ல ஏறினதுமே தெரிஞ்சிருச்சு. ஓடிப்போய்க் கழட்டிக்கிட்டு வந்தேன். எஸ்டேட்ல கள்ளு எத்தனை குடியைக் கெடுத்துச்சுன்னு பாத்தவன் நான். குடிகாரனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். காப்பிய முடிச்சிட்டுக் கிளம்புங்க."

கோபால் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தான். திரைக்குக் கீழே பாதங்கள் அசையவில்லை.

நண்பன் வாழ்க்கை கவிழ்கிறது. படித்தவன் நான் சும்மா இருப்பேனா?

"சார், இவன் குடிக்கிற பழக்கமே இல்லாதவன் லா! அப்படியே குடிச்சிருந்தாலும் அது ஒயினே கிடையாது. வெறும் அன்னாசித் தண்ணி..."

என் தொடையில் மாயாண்டி அண்ணன் ஒரு கிள்ளு கிள்ளினார். இன்னும் நீலமாக இருக்கிறது.

"அப்படியே குடிச்சிருந்தாலும்னா? அப்ப குடிச்சிருக்கான்!" என்றார் கிராணியார்.

பாருங்கள், காலேஜ் படிப்பு எப்படி உதவுகிறது என்று!

"மாயாண்டி, நீரே சொல்லும்யா. உம்ம கடை அட்டைதானே? இதுல இருக்கிறது உண்மையா, பொய்யா?"

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உண்மை என்றால் கோபால் குடிகாரன். பொய் என்றால் கிள்ளானில் ஒரு பாட்டில் விற்காது. மேலே பார்த்தார். கீழே பார்த்தார். "கேசரி பிரமாதம்" என்றார்.

அப்போதுதான் திரை விலகியது.

பாக்கியம் நேராக வந்து அட்டையைக் கையில் எடுத்தாள். குண்டுப் படத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இவரு கையில என்ன இருக்கு?"

"என்னமா?"

"ரொட்டி. வெண்ணெ தடவின வெள்ளை ரொட்டி. ஒரு கடி கடிச்சிருக்காரு. பின்னாடி அலமாரியப் பாருங்க, டின் பால் அடுக்கியிருக்கு. இதெல்லாம் நாம கண்ணால பாத்து எத்தனை நாளாச்சு?"

கிராணியார் கண்ணாடியைத் தேடினார்.

"அன்னாசி ஒயின் வந்தது சண்டை வந்ததுக்கு அப்புறம். ரொட்டியும் டின் பாலும் போனது சண்டையோட. அப்ப இந்தப் படம் எப்படிப்பா 'குடித்த பின்'?" அட்டையை மாயாண்டி அண்ணன் பக்கம் திருப்பினாள். "மாமா, குண்டாத்தான் இருந்தாரு, இப்ப எளைச்சுட்டாரு. நீங்க படத்தைத் திருப்பி ஒட்டியிருக்கீங்க. சரியா?"

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டியும் விட்டேன்.

இனி எங்கே ஒளிவது? மாயாண்டி அண்ணன் பெருமூச்சு விட்டார்.

"கிராணியாரே, பையன் வாயில ஒரு சொட்டு பட்டதில்ல. என் கடைக்குள்ள வந்தாலே தும்முவான். பிரிக்பீல்ட்ஸ்ல இவன் மூஞ்சி எல்லாருக்கும் தெரியும்... அதான் அட்டைய கிள்ளான்ல மாட்டினேன்."

"அப்ப உம்ம ஒயின்?"

"அதுவா... அன்னாசிச் சாறு. கொஞ்சம் கோவமா இருக்கிற சாறு."

கிராணியார் அட்டையைப் பார்த்தார். கோபாலைப் பார்த்தார். அவருடைய வயிறுதான் முதலில் குலுங்கியது. பிறகு தோள். அப்புறம் வீடே சிரித்தது. அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்து மகளிடம் கேட்டார்: "என்னமா சொல்றே? குண்டு ஆளு இல்ல. எளைச்ச ஆளுதான் இருக்காரு."

பாக்கியம் இடது பக்கத்துப் படத்தின் மேல் விரலை வைத்தாள். "குடிக்கும் முன் இருக்கிறவரு போதும்ப்பா."

கோபால் தும்மினான். ஒயின் வாசனை ஏதுமில்லை. சந்தோஷத்துக்கும் தும்முவான் போல.

தை பிறந்ததும் கல்யாணம் என்று முடிவாயிற்று. கேசரி இரண்டாம் முறை வந்தது. இந்த முறை மாப்பிள்ளை சாப்பிட்டார்!

திரும்பும் ரயிலில் எனக்கு ஒரே யோசனை. அந்த அட்டையைக் கிள்ளானில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ரொட்டி எல்லார் கண்ணிலும் பட்டிருக்குமே! பிறகு ஏன் யாரும் கேட்கவில்லை? ஏனென்றால், அண்ணன் விற்றது ஒயின் இல்லை. கன்னத்தில் சதை. இளைத்துப்போன ஊரில் அதைக் காட்டினால், அன்னாசித் தண்ணி என்ன, வாய்க்கால் தண்ணியும் விற்கும். பொய் சொல்கிறவருக்குப் பாதி வேலைதான். மீதி வேலையை நம் ஆசை சம்பளமில்லாமல் செய்து கொடுக்கிறது.

ரயில் புட்டு புட்டென்று ஊர்ந்தது. மாயாண்டி அண்ணன் ஜன்னல் பக்கம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை அவர் கடைப் பக்கம் போனேன். புது அட்டை. ஒரே படம், ஒல்லி கோபால். கீழே:

'இவர் நமது ஒயினைத் தொட்டதே இல்லை. இவருக்கே கல்யாணம் கூடிவிட்டது. தொட்டிருந்தால்...?'

வாசலில் நீளமான வரிசை. அத்தனையும் கல்யாணம் ஆகாத பையன்கள். படித்தவன் நான், இதையெல்லாம் நம்புவேனா?

வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்கத்தான் கடைசியில் போய் நின்றேன்!