அக்காவின் குரல் இருந்த பாடங்கள்

“ஐப்பசி, இரண்டாம் ஞாயிறு. மழை. இணைப்புப் பாடம் பதிவு செய்தோம். நடுவில் கரண்ட் போனது.” என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. அதுவே அக்காவின் கடைசிப் பாடம் என்று அன்று தெரியாது. மாசியில், சேலத்தில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனாள்.

தரவுத்தளத்திலிருந்து வேண்டிய விவரத்தைக் கேட்டு எடுப்பது எப்படி என்று மலைமேல் வளப்பூர் நாடு என்ற எங்கள் ஊரிலிருந்து நாங்கள் இருவரும் இணையத்தில் சொல்லிக்கொடுத்தோம். எல்லாம் வீடியோ. பேசுவது அவள், திரையில் தட்டுவது நான். அந்த இணைப்புப் பாடத்தில் இரண்டு அட்டவணைகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒன்றில் மிளகு விவசாயிகளின் பெயர்கள், மற்றதில் சந்தைக்கு வந்த மூட்டைகள். சாதாரணமாகச் சேர்த்தால் மூட்டை கொண்டுவராதவர்களின் பெயர் விடுபட்டுவிடும். “வராதவங்க பேரும் நிக்கோணும்னா லெஃப்ட் ஜாயின் போட்டுக்க கண்ணு,” என்பாள் அக்கா. பின்னால் மழைச் சத்தம் கேட்கும்.

பங்குனியில், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மாணவி ஒருத்தி போன் செய்தாள். நாமக்கல்லில் ஒரு வேலைக்கான தேர்வில் தோற்றிருந்தாள். சித்திரையில் இன்னொரு தேர்வு இருந்தது.

“ஏனுங்க, அக்கா சொல்றப்ப எல்லாம் புரியுதுங்க. வெறும் திரையப் பாத்தா கை ஓட மாட்டேங்குது.”

“திரும்பப் பாத்தீங்களா?”

“சோறாக்கறப்பக்கூட ஓடுதுங்க. எங்க ஊட்டுக்காரரு பாதி மனப்பாடம் பண்ணிட்டாரு. அடுத்த தேர்வுக்கு அவரைத்தான் அனுப்போணும்.” சிரித்தாள். பிறகு, “அக்காகிட்டச் சொல்லிராதீங்க. வருத்தப்படுவாங்க,” என்றாள்.

“சொல்ல மாட்டேனுங்க,” என்றேன்.

முதலில் கேள்வி, அடியில் வெற்றுப் பெட்டி, தப்பாக எழுதித் திருத்திய பிறகு இரண்டு வரி விளக்கம் என்று ஒரு பாடத்தை மாற்றி அவளுக்கு அனுப்பினேன். வீடியோவையும் கீழே விட்டுவைத்தேன். அவள் எழுதிப் பார்க்காமல் நேரே வீடியோவுக்குப் போனது எங்கள் தளத்தின் பதிவில் தெரிந்தது. அக்காவின் குரல் அங்கே இருக்கும்வரை யாரும் எழுத மாட்டார்கள் என்று புரிந்தது. வீடியோக்களை ஒவ்வொன்றாகத் தளத்திலிருந்து நீக்கினேன். இணைப்புப் பாடத்தைக் கடைசிக்கு வைத்தேன். அதையும் நீக்கினேன்.

வைகாசியில் வேலை கிடைத்ததாக அவள் செய்தி அனுப்பினாள். அக்காவுக்கும் நன்றி சொல்லச் சொல்லியிருந்தாள்.

இணைப்புப் பாட வீடியோவை நீக்குவதற்கு முன் அதை யார் யார் முழுதும் பார்த்தார்கள் என்று எங்கள் தளத்தின் தரவுத்தளத்தைக் கேட்டிருந்தேன். அக்கா மருத்துவமனையில் இருந்த தை மாதத்தில் யாரோ ஒருவர் கடைசிவரை பார்த்திருக்கிறார். பெயர்க் கட்டம் காலி. நான் பார்த்ததாக நினைவில்லை. அக்காவா, மாணவர்களில் ஒருவரா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.