முதல் தரமான ரோடு

பஸ் வரவேண்டும் என்பது ஐயாக்கண்ணுவின் ஒரே பிடிவாதம். மாரமங்கலத்துக்கு அப்பால் இருந்த அவர் ஊருக்கு ஒரே ஒரு ஜீப். அது படுத்துவிட்டால் ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கம்பில் தூளி கட்டி ஆளைத் தூக்கிப் போவதுதான். அவர் மனைவி அத்தாயி பிரசவத்துக்குத் தூளியில் போனாள், திரும்பவில்லை. அப்போது மகள் காவேரி சின்னப் பிள்ளை.

ரோட்டை அகலப்படுத்தி பஸ் விடச் சொல்லி மனு மேல் மனு போட்டார். எழுபத்தொன்பதில் ரோட்டு இலாகா ஆட்கள் வந்து, வழியிலிருந்த கல்பாலத்தருகே உட்கார்ந்தார்கள். ரோட்டைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பேச்சு. ஐயாக்கண்ணு வீடு வீடாகப் போனார்.

"அவிங்க போற வரைக்கும் ஆரும் வண்டி பூட்டாதீங்க. சுமையத் தலையில வெச்சுக் குறுக்குத்தடத்துல போங்க."

ஜீப் ஓட்டும் பெரியண்ணன் சிரித்தான். "ஏனுங்க மாமா, ரோடு போட்டதே வண்டி போறதுக்குத்தானுங்களே?"

"பொண்ணு பாக்க வந்தா ஊட்டக் கூட்டி வெக்க மாட்டியா? ரோடு அடைஞ்சு கெடந்தா பஸ்ஸுக்கு எடம் ஏதுன்னு போயிருவாங்க. ஜீப்ப நிறுத்து."

நிறுத்தினான். ஊரே மிளகு மூட்டையோடு காட்டுக்குள் இறங்கி நடந்தது. வந்தவர்களுக்கு அவரே பலாச்சுளை கொண்டுபோய்க் கொடுத்தார்.

பஸ் வரவில்லை.

காவேரி சேலத்தில் பாலிடெக்னிக் முடித்து, சாலைப் பணியில் ஓவர்சியரானாள். லீவில் வந்தவளிடம் அவர் கேட்டார். "அத்தன சுத்தமா வெச்சிருந்தமே, ஏன் கண்ணு பஸ்ஸு உடல?"

"அவங்க வண்டிய எண்ண வந்தாங்கப்பா. வண்டி நெருக்கியடிச்சாத்தான் ரோடு பத்தலைன்னு அர்த்தம். தாராளமாப் போனா முதல் தரம். நம்ம ரோடு முதல் தரம். அகலம் பண்ண வேண்டியதில்லைன்னு முடிச்சுட்டாங்க."

"நடந்து போனவிங்கள?"

"அவங்கள எண்ண மாட்டாங்க."

"அப்ப நாந்தான் கெடுத்தனா?"

"ஆமாங்கப்பா."

வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அதன்பின் அவர் குறுக்குத்தடத்தில் கால் வைக்கவில்லை. ஒற்றைக் கூடை ஆரஞ்சுக்கும் வண்டி பூட்டி, ரோட்டின் நடுவிலேயே ஓட்டினார்.

"எண்ணறதுக்கு ஆளக் காணமுங்களே மாமா" என்று பெரியண்ணன் சீண்டுவான்.

"வந்துட்டா?" என்பார்.

எண்பத்தெட்டு மழையில் அவருக்கு நெஞ்சுவலி. ஜீப் பழுது. தூளி கட்டினார்கள். குறுக்குத்தடத்தில் இறங்கினால் பாதி நேரம்.

"தடத்துல போயிரலாங்கப்பா" என்றாள் லீவில் வந்திருந்த காவேரி.

"ரோட்டு மேலயே போங்க சாமி" என்றார் தூக்கியவர்களிடம். பெரியவர் பேச்சை அவர்கள் தட்டவில்லை.

கல்பாலம் வருமுன் மூச்சு நின்றது. அதுவரை எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. தூளியை எங்கும் ஒதுக்கி நிறுத்த வேண்டியிருக்கவில்லை.