அரைநாண் கொடியில் ஒரு சாவி

ஹாபர் லைட் உதைபந்தாட்டக் கழகம் எப்படிப் படுத்தது என்று கொட்டாஞ்சேனையில் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நல்ல விளையாட்டுக்காரர் எல்லாம் கனடாவுக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள் என்பார்கள். சண்டைக் காலம், பின்னேரத்தில் வெளியே இறங்கவே பயம் என்பார்கள். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அதே பயத்தோடு மற்றக் கழகங்களும் விளையாடிக்கொண்டுதான் இருந்தன. ஹாபர் லைட்டைப் படுக்கப் போட்டது ஒரு சின்னச் சாவி. அது செயலாளர் நாகேந்திரத்தின் இடுப்பில், அரைநாண் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாகேந்திரம் கெட்டவர் இல்லை. இதை முதலே சொல்லிவிட வேண்டும், போகப் போக வாசிக்கிறவர்களுக்கு அவர்மேல் எரிச்சல் வரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்து, கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்காக இருந்தவர். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடி வீட்டில், மனைவி நேசமலரோடு குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. கழகம்தான் பிள்ளை. மைதானத்துக்குக் கோடு போடச் சுண்ணாம்பு வாங்குவதிலிருந்து லீக் கூட்டத்தில் போய்ச் சண்டை பிடிப்பதுவரை எல்லாம் அவர்தான். கமிட்டியில் இருந்த மற்றவர்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்து பற்றிஸ் சாப்பிட்டுக் கை தட்டிவிட்டுப் போவதோடு சரி. ஒரு மனிதரை இப்படித் தன்னந்தனியாக விட்டுவிட்டுப் பிறகு அவர் தலையில் பழியைப் போட்டவர்களும் அவர்களேதான்.

ஆனால் மனுஷன் சந்தேகப் பிராணி. மீன்காரன் இன்றைக்குப் பிடித்த மீன் என்றால் செவுளைக் கிளறிப் பார்ப்பார். அதை எல்லாரும் செய்வார்கள். இவர் அடுத்த ஒழுங்கைக்கும் போய், அதே மீன்காரன் அங்கே என்ன சொல்லி விற்கிறான் என்று நின்று கேட்பார். மின்சார மீற்றர் பார்க்க வருகிறவனிடமே அடையாள அட்டையைக் கேட்ட ஒரே தமிழர் அந்த வட்டாரத்தில் அவர்தான்.

இது பிறவிக் குணம் இல்லை. எண்பத்துமூன்று ஜூலையில் அவர்கள் இரத்மலானையில் இருந்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் குணதாச மாத்தையா, சிங்களவர், ரயில்வேயில் வேலை. முதல் நாள்தான் இரண்டு வீடும் ஒன்றாக இருந்து பலாக்காய்க் கறியோடு சோறு சாப்பிட்டது. தமிழர் வீடுகளை எரிக்கிற கூட்டம் வந்தபோது நாகேந்திரமும் நேசமலரும் பின்மதிலால் ஏறிக் குதித்தார்கள். குதிக்க முன் அவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். குணதாச மாத்தையா இவர்கள் வீட்டு வாசல் கேற்றுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்தபடி நின்றார். கூட்டத்தை மறித்தாரா, வீட்டைக் காட்டினாரா, முதுகுப் பக்கமிருந்து பார்த்தவருக்கு விளங்கவில்லை. வீடு எரிந்து போயிற்று.

“மறிக்கத்தான் நிண்டவர்” என்று நேசமலர் சொல்வாள்.

“மறிச்சிருந்தா ஏன் எரிஞ்சது?” என்று அவர் கேட்பார்.

அதற்குப் பிறகு அவர் இரத்மலானைப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. காலப்போக்கில் அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோயிற்று.

கழகத்தையும் அவர் அந்தக் கேற்றைப் பார்த்த கண்ணோடுதான் நடத்தினார். பயிற்சியாளர் பொரளையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வேறு கழகத்து ஆளோடு இருந்ததைக் கண்டுவிட்டு, என்ன கதைத்தீர் என்று குடைந்தார். தங்கையின் கலியாண விஷயம் என்றார் அவர். நாகேந்திரம் சிரித்த சிரிப்பில் அவர் ரோசப்பட்டு விலகிப்போனார். கோல் அடிப்பதில் கெட்டிக்காரன் ஒருவன் புதுப் பூட்ஸ் போட்டு வந்தான். ஆர் வாங்கித் தந்தது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். லண்டனில் இருக்கும் அக்கா அனுப்பியது. அவன் அடுத்த பருவத்தில் வேறு கழகத்துக்குக் கோல் அடித்தான். “பாத்தியளே, நான் அப்பவே சொன்னனான்” என்றார் நாகேந்திரம். அவர் சந்தேகப்பட்டதெல்லாம் இப்படித்தான் உண்மையாகும்.

எல்லாவற்றையும்விடக் கூத்து, அன்றைக்கு விளையாடப் போகிற பதினொரு பேர் யார் என்பதைப் பந்து வைக்கும்வரை அவர் வாய் திறந்து சொல்வதில்லை. முதலே சொன்னால் எதிரணிக்குப் போய்விடுமாம். தன் பெயர் வராது என்று நினைத்து மத்தியானம் புரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்த வேலுசாமியைக் கோல் காக்க நிறுத்தினார் ஒரு நாள். வேலுசாமியால் குனிய முடியவில்லை. காலுக்குள்ளால் போன பந்தைப் பார்த்து எதிரணியே சிரித்தது.

கப்டன் நிலாம் கொட்டாஞ்சேனைப் பையன், புறக்கோட்டையில் தகப்பனின் இரும்புக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கூத்தையெல்லாம் பொறுத்துக்கொண்டு அணியைச் சேர்த்து வைத்திருந்தவன் அவன்தான். மைதானத்துக்குப் பக்கத்திலேயே வீடு. ஜேர்சிகளை அவன் தாய் பீபிதான் தோய்த்துக் காயவைத்து அடுக்குவாள். பயிற்சி முடிந்ததும் பெடியன்கள் அங்கே போய் ரொட்டியும் கறியும் சாப்பிட்டுச் சிரித்துப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஒரு நாள் வழியில் போன நாகேந்திரம் அந்தச் சிரிப்பைக் கேட்டார். தன்னைக் கண்டதும் சிரிப்பு நின்றதையும் கவனித்தார். மூக்கில் வியர்த்துவிட்டது. அன்றைக்கே ஜேர்சி, பந்து, காற்றடிக்கும் பம்பு எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் போட்டு வெள்ளவத்தைக்குத் தூக்கிக்கொண்டு வந்து, அலுமாரிக்குள் வைத்தார். பைக்கும் அலுமாரிக்கும் ஒரே சாவியில் திறக்கும் பூட்டுகள். அந்தச் சாவி அரைநாண் கொடிக்குப் போனது.

“கிரவுண்ட் கொட்டாஞ்சேனையில, உடுப்பு வெள்ளவத்தையில. நடுவில எத்தினை செக் பொயின்ற் கிடக்கு?” என்று கேட்டாள் நேசமலர்.

“அவன் பெடியளைச் சேர்த்துக்கொண்டு புதுக் கிளப் துவங்கப் போறான். உமக்கு உதெல்லாம் விளங்காது.”

“துவங்கிறவன் புது ஜேர்சி வாங்க மாட்டானே?”

நாகேந்திரம் பதிலுக்கு இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சாவி இருந்தது.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. கோட்டையில் பெரிய குண்டு வெடித்து, கொழும்பில் தமிழ்ப் பெயரோடு பஸ்ஸில் ஏறுவதே ஒரு வேலையாகிவிட்ட காலம். ஹாபர் லைட் முதலாம் பிரிவின் அடியில் கிடந்தது. கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். சமநிலையில் முடித்தாலும் போதும், பிரிவில் நிற்கலாம். தோற்றால் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் இருக்கிற நாலு நல்ல விளையாட்டுக்காரரும் நிற்க மாட்டார்கள், கழகம் முடிந்தது. இது எல்லாருக்கும் தெரியும். நாகேந்திரம் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு மத்தியானம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பையில் கழகத்தின் பெயர் மூன்று மொழியிலும் வெள்ளைப் பெயின்றில் எழுதியிருந்தது. அடிக்கடி ஏறும் பஸ்தான், கண்டக்டர் முகம் தெரிந்த சிங்களப் பையன். “அத மெச் எக்கக்த அங்கல்?” இன்றைக்கு மெட்ச்சா என்று கேட்டான். இவனுக்கு எதற்கு இந்த விசாரிப்பு என்று நினைத்து, நாகேந்திரம் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் பையைப் பார்த்தான். பெரிய பை. உருண்டை உருண்டையாகச் சாமான். வாயில் பூட்டு.

“அரின்ன,” திற என்றான்.

திறக்கத்தான் போனார் நாகேந்திரம். பாவம், வேறு என்ன செய்வார். மேற்சட்டையைத் தூக்கி, களிசானுக்குள் கை விட்டு, இடுப்பில் துழாவினார்.

அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் சோதனைச் சாவடியில் இடுப்புக்குள் கை விட்டால் என்ன நினைப்பார்கள் என்று யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரு பெண் வீரிட்டாள். பயணிகள் சிதறி ஓடினார்கள். ஆமிக்காரன் துவக்கை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு கையை உயர்த்தச் சொல்லிக் கத்தினான். நாகேந்திரம் கையைத் தூக்கிக்கொண்டு தெருவில் குப்புறப் படுத்தார். சுடுதார் கன்னத்தில் ஒட்டியது. நெருப்பில் இருந்து தப்பியவன் இங்கே ஒரு சாவிக்காகச் சாகப் போகிறேனே என்று நினைத்தார்.

சுடவில்லை. பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பையைக் கத்தியால் கீறி ஜேர்சிகளை நிலத்தில் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. ஆனாலும் விட மனமில்லை. “உன்னைத் தெரிந்த ஆள் யார்? ஒரு நம்பர் சொல்லு, கூப்பிடுகிறேன்” என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். நிலாம் வீட்டு நம்பர் நாகேந்திரத்துக்கு மனப்பாடம். சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. நிலாமுக்குத் தெரிந்தால் இதையே சாட்டாக வைத்துச் செயலாளர் பதவியைப் பறித்துவிடுவானே. அப்படி ஒருத்தரும் இல்லை என்றார். தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத மனிதர்மேல் சார்ஜன்டுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. மர வாங்கில் உட்கார வைத்தார்.

சுவர் மணிக்கூடு ஆட்ட நேரத்தைத் தாண்டிப் போனது. இப்போது நிலாமுக்குக் கொண்டாட்டமாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நிலாம் வந்தான். பின்னால் வேலுசாமி. அவனுக்குப் பின்னால் இடது பக்கம் விளையாடும் ரோஹண. அப்படியே முழு அணியும், அரைக் களிசானோடு, வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து நின்றது. ரோஹண சார்ஜன்டிடம் சிங்களத்தில் பேசினான். நிலாம் தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தான், மற்றவர்களும் வைத்தார்கள். சார்ஜன்ட் பூட்ஸுகளையும் நிலத்தில் கிடந்த ஜேர்சிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். கூட்டிக்கொண்டு போங்கள் என்று கையைக் காட்டினார்.

நாகேந்திரத்துக்கு நெஞ்சு நிறைந்து வந்தது. கண்ணும் கலங்கியது. அதில் கள்ளமில்லை. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது பழக்கம்.

“நான் இஞ்ச இருக்கிறன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“கண்டக்டர் பையன் சொன்னான் அண்ணே. கிரவுண்டுக்கிட்ட பஸ்ஸ நிப்பாட்டி, எறங்கி ஓடி வந்து சொல்லிட்டுப் போனான்” என்றான் நிலாம்.

“கண்டக்டருக்கு உதில என்ன அக்கறை?”

நிலாம் நிலத்தில் கிடந்த ஜேர்சிகளைப் பார்த்தான்.

“அப்ப மெட்ச்?”

“போச்சு அண்ணே. நாங்க எல்லாரும் இங்க வந்தீக்கிறோமே.”

“மற்ற டீம் ஆக்கள் எவ்வளவு காசு தந்தவங்கள்?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. வேலுசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நிலாம் குனிந்து நிலத்தில் கிடந்த ஜேர்சிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். தாய் மடிக்கிற மாதிரியே மடித்து, கீறின பைக்குள் வைத்து, அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தான்.

“சாவி ஒங்ககிட்டத்தானே ஈக்குது. பூட்டிக்கோங்க” என்றான்.

ஓட்டோவில் வெள்ளவத்தைக்குக் கூட்டிவந்த வேலுசாமிதான் மிச்சத்தைச் சொன்னான். எதிரணி தங்கள் பழைய ஜேர்சிகளைத் தருவதாகச் சொன்னதாம். பந்தும் இருந்ததாம். விளையாடியிருக்கலாம். ஒருவரை மட்டும் பொலிசுக்கு அனுப்பலாம் என்று சிலர் சொல்ல, நிலாம்தான் மறித்தானாம். தனியாகப் போகிறவனையும் பிடித்து உள்ளே போடுவான், அணியாகப் போனால்தான் கழகம் என்று நம்புவான் என்றானாம். நடுவர் விசிலை ஊதி ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுத்தபோது இவர்கள் பஸ்ஸில் இருந்தார்களாம்.

“அண்ணன் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாதுங்க” என்று மட்டும் சொல்லி வேலுசாமி அவரை வீட்டடியில் இறக்கிவிட்டான்.

ஹாபர் லைட் கீழே இறங்கியது. அடுத்த பயிற்சிக்கு நாகேந்திரம் பையோடு போய் மைதானத்தில் தனியாக நின்றார். அதற்கடுத்த முறையும் நின்றார். நிலாம் புதுக் கழகம் தொடங்குவான் என்று காத்திருந்தார். தொடங்கியிருந்தால் மனுஷனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவன் தொடங்கவில்லை. உதைபந்தையே விட்டுவிட்டு இரும்புக் கடையோடு இருந்துவிட்டான். சந்தேகத்துக்குப் பிடித்துத் தொங்க ஒரு கிளையும் இல்லாமல் போயிற்று.

ஒரு கிளை மட்டும் மிச்சம், அந்தக் கண்டக்டர். அவன் சொன்னான் என்பது கட்டுக்கதையாக இருந்தால்? நாகேந்திரம் வேலை முடிந்து தேவையில்லாமல் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கி அவனைத் தேடினார். மழை நாள் ஒன்றில் அகப்பட்டான். அன்றைக்கு மைதானத்தில் போய்ச் சொன்னது நீதானா என்று சிங்களத்தில் கேட்டார்.

“ஓவ் அங்கல், மம தமய்” என்றான், நான்தான். பிறகு ஆசையாக ஒரு கேள்வி கேட்டான். “டீம் எக்க தின்னத?” உங்கள் அணி வென்றதா?

நாகேந்திரம் இறங்க வேண்டிய இடம் இன்னும் தூரத்தில் இருந்தது. அவர் அங்கேயே இறங்கிவிட்டார்.

நனைந்து வீட்டுக்கு வந்தவருக்கு நேசமலர் துவாயைக் கொடுத்தாள். தலையைத் துடைக்காமல் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“இரத்மலானையில அண்டைக்குக் கேற்றடியில நிண்ட மனுசன்,” என்றார், “மறிக்கத்தான் நிண்டவர் என்ன?”

“ஓம்.”

“ஒருக்காப் போய்ப் பாப்பமே?”

நேசமலர் அவர் கையிலிருந்த துவாயை வாங்கித் தலையைத் துடைத்துவிட்டாள்.

“அவர் போன வருசம் செத்துப் போனார். நான் செத்த வீட்டுக்குப் போட்டு வந்தனான்.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா, ஆர் உமக்குச் சொன்னது எண்டு கேட்டிருப்பியள்.”