ஒரு மீட்டர் அகலம்

கதவு முக்கால் மீட்டர், பலகை ஒரு மீட்டர். ஆகவே ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாகரத்தினம் அக்கா அதை ஒருக்களித்துத்தான் வெளியே எடுப்பார். அந்த நேரத்தில் காளிகாட் சந்தில் யாரும் குறுக்கே போகக்கூடாது. "தம்பி, கொஞ்சம் ஒதுங்குங்க. இது திரும்பாது, நீங்கதான் திரும்பணும்" என்பார். பலகை சின்ன டெம்போவில் ஏறி, ஊருக்குத் தெற்கே கங்கை அகலமாகும் இடத்திலுள்ள படகுச் சங்கத்துக்குப் போகும்.

அக்காவுக்கு ஐம்பத்துமூன்று வயது. வங்கிக் கிளைகளைத் தணிக்கை செய்யும் அதிகாரி. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் குடை. ஆட்டோவில் டிரைவர் பக்கத்து இடம்தான் காலி என்றால் ஏற மாட்டார், பயம். தெருநாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். இவர் பாய்மரம் கட்டிய அந்தப் பலகைமேல் நின்றபடி ஆற்றில் போகிறார் என்று மகள் ஸ்னேகா சொன்னபோது, கீழ்வீட்டுக்காரனான நான் நம்பவே இல்லை. போன ஞாயிறு நேரில் பார்த்தேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பாய் ஒன்பது சதுர மீட்டர். விரித்தால் என் படுக்கையறைத் தரை மூடிவிடும். "இவ்ளோ பெரிய பாய்க்கு ஒல்லிப் பலகை தாங்காது தம்பி, நம்மள அப்படியே கவுத்துரும். இது அகலம். ஓரத்துல போய் நின்னு எதிர்ப்பக்கமா சாஞ்சுக்கலாம். லேசான காத்துலயே கிளம்பிரும்" என்றார்.

"அலை வந்தா?"

"அப்பதான் இதுக்குப் பேய் பிடிக்கும். அகல வயிறு இல்லையா, பட்டு பட்டுனு அடி வாங்கும். மூக்கைத் தூக்குச்சுன்னா அடியில காத்து பூந்து புரட்டிரும்." இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்!

இரண்டு மாதத்துக்கு முன் அப்படிப் புரண்டுதான் விலா எலும்பில் விரிசல். அன்றிலிருந்து ஸ்னேகா, "மா, ஆர் நா! போதும்மா" என்று மன்றாடிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம். அந்த ஞாயிறு விழாமல் கரைசேர்ந்தால் மகள் இனி வாயைத் திறக்கக்கூடாது. ஒரு முறை விழுந்தாலும் பலகையைச் சங்கத்துக்கே கொடுத்துவிட வேண்டும். சாட்சிக்கு நான்.

அக்கா நடு ஆற்றில் இருந்தபோது சரக்குக் கப்பல் ஒன்று கடந்து போனது. அதன் பின்னாலேயே அலைகள் வந்தன. கரையிலிருந்த படகோட்டி, "மாஷிமா, சேடே தின்!" என்று அலறினார். பாயை விட்டுவிடச் சொல்கிறார். ஒன்றும் தெரியாத நானும் "விட்டுடுங்கக்கா!" என்று கத்தினேன். ஸ்னேகா முகத்தைத் திருப்பிக்கொண்டு சங்கத்துச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அக்கா விடவில்லை. பாயை இன்னும் இறுக்கி இழுத்தார்! பாயோடு மாட்டிய இடுப்புப் பட்டையின் கொக்கியில் உடம்பின் பாரத்தையெல்லாம் தொங்கவிட்டு, முழங்காலை மடக்கி, முதுகு தண்ணீரைத் தொடுமளவு சாய்ந்தார். பலகையின் தூக்கிய மூக்கு தாழ்ந்தது. பலகை அலைமேல் அறைந்த சத்தம் கரைவரை கேட்டது. ஆறு அலைகள். ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினேன். நாயைக் கண்டால் ஒதுங்குகிற பெண்மணியா இவர்?

தாண்டிவிட்டார். கரையையும் நெருங்கிவிட்டார். படித்துறை அருகே மரங்கள் காற்றை மறைக்கின்றன. இடுப்பளவுத் தண்ணீரில் காற்று சட்டென்று நின்றது. சாய்ந்திருந்த அக்கா அப்படியே மல்லாந்து விழுந்தார். பாய் அவர்மேல் விழுந்தது.

மறுகணமே எழுந்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். ஸ்னேகா இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படகோட்டி கயிறு எடுக்கப் போயிருந்தார். பார்த்தது நான் ஒருவன்தான். வாயைத் திறக்கும் உத்தேசம் எனக்கு அறவே இல்லை.

"வந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். ஸ்னேகா திரும்பினாள். அலையில் எப்படியும் நனைந்திருக்க வேண்டியவர்தான், அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. "மா! விழலையா? நிஜமாவா?" என்று கூவியபடி படிகளில் இறங்கி ஓடினாள். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"விழுந்தேன்" என்றார் அக்கா. "இங்கதான், இப்பதான். நீ பாக்கலை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, இடுப்பளவு தண்ணி! இதெல்லாம் சேர்த்தியா?"

"விழுந்தா விழுந்ததுதான் தம்பி."

இடுப்புப் பட்டையை அவிழ்த்து மகளிடம் நீட்டினார். ஸ்னேகா வாங்கவில்லை. நீட்டிய வலது கை நீட்டியபடியே இருந்தது. ஆற்றின் இழுப்பில் பலகை மெல்ல விலகப் பார்த்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே, அக்கா இடது கையால் அதை எட்டிப் பிடித்துத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.