அப்படி ஒருவர் இங்கே இல்லை

தொண்ணூறுகளில், கனடாவில், டோர்செட் பார்க் பகுதியில் ஒரே அப்பார்ட்மென்டில் ஆறு பேர் இருந்தோம். வாடகை லீஸில் இருந்தது இரண்டு பெயர்தான்; மற்ற நாலு பேர் இருப்பது கட்டட நிர்வாகத்துக்குத் தெரியக்கூடாது. அதனால் போனில் யார் ஆங்கிலத்தில் விசாரித்தாலும், “அப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஒருநாள் ஓர் அமெரிக்கக் குரல் குகநேசனைக் கேட்டது. நேசன் என் அறைத் தோழன். கலியாண வீடுகளில் கீபோர்ட் வாசிப்பவன். நான் யோசிக்கவே இல்லை. சட்டப்படி சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு வருடத்தில் ஓர் அமெரிக்க எலெக்ட்ரானிக் ராக் குழுவின் பாட்டு எந்த ரேடியோவைத் திருப்பினாலும் கேட்டது. அதற்குள் கீபோர்டை விற்றுவிட்டு, பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நேசன் அவர்களை டிவியில் கண்டு சிரித்தான்.

“மச்சான், உவங்கள் முந்தி இஞ்ச ரெக்கோர்டிங்குக்கு வந்தவங்கள். மியூசிக் கடையில நான் வாசிச்சதைக் கேட்டிட்டு, தங்களோட வாசிக்கக் கூப்பிடுறம் எண்டு நம்பரும் வாங்கினவங்கள்.”

“பிறகு?”

“ஒரு கோலும் வரேல்லை. என்ர பேர் அவங்கட வாயில நுழைஞ்சிருக்காது.”

“ஓம், அப்பிடித்தான் இருக்கும்” என்றேன்.

இன்றுவரை அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. அந்த அமெரிக்கன் குகநேசன் என்ற பெயரை மெதுவாக, ஓரெழுத்தும் பிசகாமல் சொன்னான். பலமுறை சொல்லிப் பழகிவிட்டுத்தான் போன் செய்திருக்க வேண்டும்.