ஐஸ் பெட்டியும் மலைச் சைக்கிளும்

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தேடினாலும் உயரமாக இருப்பவை மேம்பாலமும் கண்டெய்னர் அடுக்கும் நிலக்கரிக் குவியலும்தான். அப்படிப்பட்ட இடத்தில் நான் ஒரு மின்சார மலைச் சைக்கிளில் வந்து இறங்கியதும் தெருவே வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், "இன்னாம்மா, மலை எங்க கீது?" என்று கேட்டார். "ரோட்டுல இவ்ளோ பள்ளம் கீதே, அத்த மொதல்ல தாண்டிக்கிறேன், அப்பால மலைக்குப் போறேன்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் எல்லோருக்குமே அப்படித்தான், என் அண்ணனைத் தவிர.

நான் நர்ஸ். ஆஸ்பத்திரியில் அல்ல. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் டியூப் மாற்றுவதும் என் வேலை. காலையில் முதல் வீடு எர்ணாவூரில், அடுக்குமாடிக் குடியிருப்பில். அந்த வீட்டுக்காரர் வேலை செய்த இடத்தில் உயரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் கிடந்தார். முதுகில் பெரிய புண். அவரைப் புரட்டிப் பிடிக்க ஒரு ஆள், புண்ணைக் கழுவிக் கட்ட ஒரு ஆள் வேண்டும். பிடிப்பது அவர் மனைவி. அந்தப் பெண்ணுக்கு இறால் கம்பெனியில் வேலை. எட்டு மணிக்குக் கம்பெனி வேன் கீழே வந்து ஹார்ன் அடிக்கும். அதற்குள் நான் போய்ச் சேர்ந்தால் அவருக்குக் கட்டும் உண்டு, அவளுக்கு வேலையும் உண்டு. நான் பிந்தினால் இரண்டில் ஒன்று போய்விடும்.

மெட்ரோ இருக்கிறதே என்று கேட்பார்கள். ஸ்டேஷனிலிருந்து நோயாளி வீட்டுக்கும், அங்கிருந்து அடுத்த வீட்டுக்கும் என்னை யார் தூக்கிக்கொண்டு போவார்கள்? ஷேர் ஆட்டோ துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் நின்றுவிடும். ஸ்கூட்டர் வைத்திருந்தேன், சாலை ஓரத்து மணலில் சறுக்கி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டதோடு அதை விற்றுவிட்டேன். அப்போதுதான் அடையாறு பக்கம் ஒருவர், மலையேறுவதற்கென்று ஆசையாக வாங்கி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இந்தச் சைக்கிளைக் கொடுத்துவிட நினைப்பதாகத் தெரிந்தது. பின் சக்கரத்தின் நடுவில் மோட்டார், கீழ்க் குழாயில் பேட்டரி, முன்னால் ஷாக் அப்சார்பர், முள் முள்ளாகத் தடித்த டயர். மிதித்தால் பின்னாலிருந்து யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலத் தள்ளும். லாரி டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நான் அவர்களுடைய வண்டிகளுக்கும் கடல் அரிக்காமல் கொட்டிய கல்லுக்கும் நடுவே இருக்கும் ஜல்லியும் மணலும் சேறுமான ஓரத்தில் போய்க்கொண்டே இருப்பேன். லாரியிலிருந்து உதிரும் கம்பித் துண்டுகள் அந்த டயரைக் குத்தியும் காற்று இறங்காத நாள்தான் அதிகம். செய்தவன் நல்லா இருக்கணும் என்று எத்தனையோ முறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்.

அதற்கு ஆகாத ஒரே சங்கதி எங்கள் காற்று. மழையும் பள்ளமும் பார்த்துச் செய்த வண்டிக்கு உப்புக் காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வாங்கிய சில வாரங்களிலேயே ஆணித் தலைகள் பழுப்பாகின. செயினில் எண்ணெயும் மணலும் நிலக்கரித் தூளும் சேர்ந்து கறுப்புக் களிம்பாகிவிடும். பிரேக் பிடித்தால் கோழியின் கழுத்தைப் பிடித்த மாதிரி ஒரு சத்தம். அண்ணன் இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் பைபர் போட் வைத்திருந்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஏன் என்று கேட்டால் போட்டின் பின்னால் மாட்டும் இன்ஜினைக் கைகாட்டுவார். வீட்டின் கீழ்ப் பகுதியில் அவர், மேலே நானும் என் பிள்ளைகளும். கடலிலிருந்து வந்ததும் மற்றவர்கள் குளிக்கப் போவார்கள், அவர் இன்ஜினைக் குளிப்பாட்டுவார். மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் பெரிய நீலப் பெட்டி ஒன்று, மூடி உடைந்துபோனது, எங்கள் வாசலில் கிடக்கும். அதில் நல்ல தண்ணீரை நிரப்பி, இன்ஜினின் அடிப்பாகத்தை அதற்குள் இறக்கி ஓடவிடுவார். உள்ளே ஏறிய உப்பெல்லாம் கரைந்து வெளியே வர வேண்டும். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சவுண்டு ஷோக்கா கீது" என்பார். அதைச் சொன்ன பிறகுதான் சோறு கேட்பார். சொல்லாத நாளில் சோறு இறங்காது.

பிறகு அவருக்கு வலது தோள் போயிற்று. இன்ஜினைத் தூக்கும்போது ஏதோ அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்தும் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. போட்டைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டார். நீலப் பெட்டி காலியாகக் கிடந்தது. ஊரில் உள்ள பூனையெல்லாம் அதில் குட்டி போட்டன. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார், ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோனார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய சத்தம் எதையும் நான் கேட்டதில்லை.

ஒருநாள் மதியம் நான் வேலை முடிந்து வந்தபோது பெட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. "பாப்பா, வண்டிய இப்படிக் குடு" என்றார். "உப்பு பூந்துகினு கீது. ஓட வெச்சுக் கழுவுனாத்தான் போவும். ஒரு கை புடி." நானும் பிடித்தேன். பின் சக்கரத்தைப் பெட்டிக்குள் இறக்கி, மோட்டார் முழுகியதும் கைப்பிடியில் இருக்கும் ஆக்சிலேட்டரைத் திருகினார். சக்கரம் சுழன்று பெட்டித் தண்ணீரில் பாதியை எங்கள் இரண்டு பேர் மேலும் அடித்தது. கரண்டு சமாச்சாரம் ஆயிற்றே என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். நனைந்த தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "சவுண்டு ஷோக்கா கீது பாப்பா" என்றார். அப்புறம் சோறு கேட்டார். நான் இரண்டு முட்டை பொரித்துப் போட்டேன். வாயெடுத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது.

அன்றிலிருந்து தினமும் அதுதான். உலகத்தில் வேறு எந்த ஊரிலும் ஒரு மின்சாரச் சைக்கிளை இப்படி முக்கி எடுத்திருக்க மாட்டார்கள். அந்த மோட்டாரும் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொண்டது. இன்று நினைத்தாலும் அதன் மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது.

கடைசியில் ஒரு காலை, திருவொற்றியூர் தாண்டியதும் வண்டி விக்கல் எடுத்தது. இரண்டு இழுப்பு, அப்புறம் ஹேண்டில்பாரில் இருக்கும் சின்னத் திரையில் ஏதோ ஒரு எண், அதோடு மோட்டார் நின்றது. ஆனால் சைக்கிள் நிற்கவில்லை. ஸ்கூட்டராக இருந்திருந்தால் தள்ளிக்கொண்டு போயிருப்பேன். இது இழவெடுத்த கனம் கனத்தாலும் சிறிய கியரில் போட்டு மிதித்தால் நகர்ந்தது. கடல் காற்று எதிரே அடிக்க, தொடை எரிய எரிய மிதித்தேன். எர்ணாவூர் போய்ச் சேர்ந்தபோது வேன் போய்விட்டிருந்தது. அந்தப் பெண் கணவனைப் புரட்டிப் பிடித்தபடியே எனக்காகக் காத்திருந்தாள். "போனா போவுதுக்கா. அவர இப்படியே வுட்டுட்டுப் போவ முடியுமா?" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் வந்து கொட்டித் தீர்த்தேன். வண்டியைத் திட்டினேன், உப்பைத் திட்டினேன், லாரிகளைத் திட்டினேன். அந்தப் பெண்ணுக்கு அன்றைய வேலை போனதையும் சொன்னேன். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலேயே கை கழுவிவிட்டார்.

திருவொற்றியூரில் மின்சார ஸ்கூட்டர் ரிப்பேர் செய்யும் கடை ஒன்று இருக்கிறது. குட்டி யானை என்கிற சின்ன லாரி ஒன்றில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு நானும் அண்ணனும் போனோம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, மோட்டாரின் பக்க மூடியைத் திறந்தார். துரு கலந்த தண்ணீர் டீ போல ஒழுகியது. உள்ளே சின்னச் சின்னக் கம்பிகளின் நுனியில் பச்சையாகப் பூத்திருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னாக்கா, வெள்ளத்துல வுட்டுட்டியா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அண்ணன், "நாந்தான் முக்குனேன். டெய்லி முக்குனேன்" என்றார்.

எங்கள் அண்ணன் தன் தப்பை வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மெக்கானிக் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் சொன்னார். இதற்குத் தண்ணீரே எதிரி. உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஒயர் உள்ளே நுழையும் இடத்தை அடைக்க வேண்டும். தண்ணீர் புகுந்துவிட்டால் மட்டும் மோட்டாரை ஓட்டவே கூடாது; உடனே திறந்து காய வைக்க வேண்டும். சென்சாரும் பேரிங்கும் மாற்றினார். உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பி கெடவே இல்லை என்று அவருக்கே ஆச்சரியம். அண்ணன் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஆணியும் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டி பழையபடி ஓடியது. அண்ணன்தான் பழையபடி ஆகவில்லை. சைக்கிள் பக்கமே வருவதில்லை. வாசலில் நின்றால் சுற்றிக்கொண்டு போவார். பெட்டித் தண்ணீரை அவரே கவிழ்த்துவிட்டார். வண்டியைத் துடைப்பதும் செயினுக்கு எண்ணெய் விடுவதும் என் தலையில் விழுந்தது. வேலை முடிந்து, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்துவிட்டு எனக்கு அதற்கு எங்கே நேரம்? ஸ்போக் கம்பிகள் மறுபடி பழுப்பாகின. "அண்ணே, கொஞ்சம் பாரேன்" என்று ஒருநாள் கேட்டேன். "என்னாண்ட குடுக்காத பாப்பா. பேஜாராயிடும்" என்றார்.

சர்ச் திருவிழாவில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி சாமியார் தீர்த்தம் தெளிப்பார். நானும் சைக்கிளை நிறுத்தியிருந்தேன். அண்ணன் தள்ளித்தான் நின்றார். சாமியார் எங்கள் வண்டியருகே வந்து கையை ஓங்கியதும், எங்கிருந்தோ பாய்ந்து வந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து மோட்டாரின் மேல் போட்டார். சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அப்போதும் வண்டியை அவர் தொடவில்லை, துண்டுதான் தொட்டது.

பிறகு மழைக்காலம் வந்தது. விடாமல் பெய்த ஒரு நாள், எர்ணாவூரில் கட்டுப் போட்டு முடித்துக் கீழே இறங்கினால் தெரு குளமாக இருந்தது. ஸ்கூட்டர்களெல்லாம் சைலன்சரில் தண்ணீர் ஏறி வரிசையாக நின்றன. நான் சைக்கிளைத் தண்ணீருக்குள் விட்டேன். பள்ளம் எங்கே, மேடு எங்கே என்று தெரியவில்லை. மோட்டார் முழுகியது. உடனே கரண்டை அணைத்துவிட்டு மிதித்தேன். அந்தத் தடித்த டயர் எதை எதையோ பிடித்துக்கொண்டு என்னைக் கரையேற்றியது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரும் மலை எங்கே என்று கேட்கவில்லை.

வீட்டு வாசலில் வந்து நின்றபோது மதியம். சொட்டச் சொட்ட நின்றேன். அண்ணன் கதவருகே நின்று மோட்டாரையே பார்த்தார்.

"தண்ணி பூந்துச்சா?"

"பூந்துடுச்சு."

"ஓட்டுனியா?"

"ஆஃப் பண்ணிட்டு மிதிச்சுகினுதான் வந்தேன்."

அவர் ஒரு எட்டுப் பின்னால் போனார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த மழையில மெக்கானிக் கடை தெறந்திருக்காது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள நான் அங்க இருக்கணும். அந்தப் பொண்ணு ஒரு நாள் வேலைய வுட்டதே போதும். இங்க மோட்டாரத் தெறக்கத் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான் கீற" என்று சொல்லிவிட்டு, வண்டியை அவர் முன்னால் சாய்த்து வைத்துவிட்டு மாடியேறிவிட்டேன். ஈரத் துணியோடு ஜன்னலில் நின்று கீழே பார்த்தேன்.

அவர் வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். பிறகு நீலப் பெட்டியை இழுத்துவந்து வாசல் தகரக் கூரைக்குக் கீழே தலைகீழாகக் கவிழ்த்தார். தோள் எழும்பாததால் முட்டியைக் கொடுத்துச் சைக்கிளை அதன் மேல் ஏற்றினார். சக்கரத்தைக் கழற்றினார். மூடியைத் திறந்து தண்ணீரை வடித்தார். என் பழைய காட்டன் புடவை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கிழித்து, ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தார். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து எதிரே வைத்தார். மறுபடி மூடிய பிறகு, ஒயர் நுழையும் இடத்தில் கிரீஸ் தடவி, மேலே பழைய டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றினார். போட் இன்ஜினுக்கு அவர் அப்படித்தான் செய்வார்.

சாயங்காலம், "பாப்பா" என்று கூப்பிட்டார். நான் ஓடினேன். சக்கரம் தரையைத் தொடாமல் பெட்டியின் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை மெல்லத் திருகினார். சக்கரம் சுழன்றது. அண்ணன் தலையைச் சாய்த்தார். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அவர் இன்னும் குனிந்து, காதை மோட்டாருக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"சவுண்டே இல்ல" என்றார். "ஷோக்கா கீது."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, சோறு போடச் சொன்னார்.